எதிர்மறை வலுவூட்டல் தண்டனையா? உளவியல் நுழைவுத்தேர்வுக்குப் படிப்பவர்கள் வழுக்கும் இடம்

நுழைவுத்தேர்வுக்கு உளவியல் படிக்கும் ஒரு மாணவியிடம் அண்மையில் ஒரு மாதிரி வினாவைக் கொடுத்தேன். காரில் ஏறி உட்கார்ந்ததும் ‘பீப், பீப்’ என்று விடாமல் ஒலி கேட்கிறது. சீட் பெல்ட்டை மாட்டினால்தான் ஒலி நிற்கிறது. சில நாட்களில் ஓட்டுநர் ஏறியவுடனேயே பெல்ட்டை மாட்டத் தொடங்கிவிடுகிறார். இங்கே நடந்தது என்ன? நேர்மறை வலுவூட்டலா, எதிர்மறை வலுவூட்டலா, தண்டனையா, மறைதலா?

அவள் யோசிக்கவே இல்லை. ‘தண்டனை’யை வட்டமிட்டாள். நான்கின் வரையறைகளையும் கேட்டேன். ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். எதிர்மறை வலுவூட்டல் என்பது விரும்பத்தகாத ஒன்றை நீக்கி ஒரு நடத்தையை அதிகரிக்கச் செய்வது என்று அவள் வாயாலேயே சொன்னாள். ஆனாலும் வினாவைத் திரும்பப் படித்தபோது அவள் கை மறுபடியும் ‘தண்டனை’ப் பக்கமே போனது.

தவறு அவளுடைய நினைவாற்றலில் இல்லை. ‘எதிர்மறை’ என்ற சொல் பேச்சு வழக்கில் கெட்டது, கசப்பானது என்ற பொருளோடு நம் காதில் ஊறிப்போயிருக்கிறது. தொலைக்காட்சி விவாதங்களிலும் குழந்தை வளர்ப்புக் குறிப்புகளிலும் ‘நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் வேண்டாம்’ என்பார்கள். ‘அடிக்காதீர்கள், திட்டாதீர்கள்’ என்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். தேர்வுத்தாளில் அதே சொல்லுக்கு வேறு பொருள். இந்த ஒரு குழப்பத்தை அடியிலிருந்து தீர்த்துக்கொண்டால், கற்றல் என்ற பாடத்தின் பெரும்பகுதி தானாகவே தெளிவாகிவிடும் என்பது என் அனுபவம். அதனால் அடியிலிருந்தே தொடங்கலாம்.

## உளவியலில் ‘கற்றல்’ என்றால் எது?

அன்றாடப் பேச்சில் கற்றல் என்றால் பாடம் படிப்பது. உளவியலில் அது இன்னும் அகலமானது. அனுபவத்தின் காரணமாக நடத்தையில் ஏற்படும், ஓரளவு நிலைத்து நிற்கும் மாற்றம்தான் கற்றல். இருட்டைக் கண்டு பயப்படத் தொடங்குவதும் கற்றல்தான். பொய் சொன்னால் தப்பிக்கலாம் என்று கண்டுகொள்வதும் கற்றல்தான். நல்லதா கெட்டதா என்பது இந்த வரையறையில் எங்கும் இல்லை. இதை இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

உயரம் கூடியதால் அலமாரி எட்டுவது கற்றல் ஆகாது, அது வளர்ச்சி. களைப்பால் கை தளர்வதும் கற்றல் ஆகாது, ஓய்வெடுத்தால் அது மறைந்துவிடும். இந்த இரண்டு விலக்குகளையும் வினாவாகக் கேட்பதுண்டு.

## முதல் வகை: ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்வது

தினமும் காலையில் உங்களை எழுப்பும் அலாரத்தின் இசையை நினைத்துப் பாருங்கள். அதே இசை பேருந்தில் யாரோ ஒருவரின் கைப்பேசியிலிருந்து ஒலிக்கிறது. நீங்கள் நன்றாக விழித்துத்தான் இருக்கிறீர்கள், எழ வேண்டிய அவசரமும் இல்லை. ஆனாலும் நெஞ்சு ஒரு கணம் திடுக்கிடுகிறது. அந்த இசை முதன்முதலில் கேட்டபோது வெறும் இசைதான். தூக்கம் கலையும் அதிர்ச்சியோடு நாள்தோறும் சேர்ந்து வந்ததால், இப்போது அது தனியாக வந்தாலும் உடல் பழைய வேலையைச் செய்கிறது.

இதை ஆய்வகத்தில் முறையாகக் காட்டியவர் இவான் பாவ்லோவ். அவர் உளவியலாளர் அல்லர், ரஷ்ய உடலியல் அறிஞர். செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர். நாய்களின் உமிழ்நீரை அளந்துகொண்டிருந்தபோது, உணவு வாயில் விழும் முன்பே, உணவு கொண்டுவருபவரைக் கண்டதுமே நாய்களுக்கு உமிழ்நீர் சுரப்பது தெரிந்தது. பிறகு திட்டமிட்டு, ஓர் ஒலியை எழுப்பி உடனே உணவு கொடுத்தார். பல முறை இப்படிச் செய்தபின் ஒலி மட்டும் வந்தாலே உமிழ்நீர் சுரந்தது. (எல்லாப் புத்தகங்களிலும் மணி என்றே இருக்கும். அவர் மெட்ரோனோம் எனும் தாளக்கருவியையும் வேறு பல தூண்டல்களையும் பயன்படுத்தினார்.)

இங்கே நான்கு பெயர்கள் வருகின்றன. உயிரினத்தின் மேல் வந்து படுவது தூண்டல், அதற்கு உயிரினம் காட்டும் எதிர்வினை துலங்கல். உணவு, யாரும் கற்றுத்தராமலே உமிழ்நீரை வரவழைப்பதால் அது இயற்கைத் தூண்டல். அதற்குச் சுரக்கும் உமிழ்நீர் இயற்கைத் துலங்கல். ஒலி பழக்கத்தால் அந்த ஆற்றலைப் பெற்றது, ஆகவே அது ஆக்கநிலையுறுத்திய தூண்டல். ஒலிக்குச் சுரக்கும் உமிழ்நீர் ஆக்கநிலையுறுத்திய துலங்கல். இந்த வகைக் கற்றலின் பெயர் பழமைசார் ஆக்கநிலையுறுத்தம். சில நூல்களில் ‘நிபந்தனைப்படுத்தல்’ என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். உங்கள் பாடநூல் எந்தச் சொல்லை ஆள்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் மற்றச் சொல்லைத் தாளில் கண்டால் மிரள வேண்டாம்.

ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் 1920இல் வெளியிட்ட ஆய்வு வினாத்தாள்களில் அடிக்கடி வரும். ‘குட்டி ஆல்பர்ட்’ என்று அவர்கள் குறிப்பிட்ட கைக்குழந்தை வெள்ளெலியைப் பார்த்து முதலில் பயப்படவில்லை. குழந்தை எலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கித் தட்டினார்கள். சில முறைக்குப் பின் எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. முயலையும் உரோம மேலாடையையும் கண்டுகூட அழுதது. இப்படி ஒத்த பொருள்களுக்கும் துலங்கல் பரவுவது பொதுமைப்படுத்தல். இன்றைய நெறிமுறைகளின்படி எந்தக் குழுவும் இத்தகைய ஆய்வுக்கு அனுமதி தராது, தரவும் கூடாது. வினா இப்படி வரும்: இதில் இயற்கைத் தூண்டல் எது? எலி என்று பலர் எழுதுகிறார்கள். எலி, கற்றுக்கொண்ட தூண்டல். பயமுறுத்த யாரும் கற்றுத்தர வேண்டாத பேரொலிதான் இயற்கைத் தூண்டல்.

இதுவரை பார்த்ததில் ஒன்றைக் கவனியுங்கள். நாயும் சரி, குழந்தையும் சரி, எதையும் ‘செய்ய’வில்லை. உமிழ்நீரும் பயமும் தாமாக வந்தன. இரண்டு தூண்டல்கள் சேர்ந்து வந்தன, உடல் அவற்றை இணைத்துக்கொண்டது.

## இரண்டாம் வகை: செய்ததன் விளைவு

பெல்ட் மாட்டுவது உமிழ்நீர் சுரப்பது போன்றதன்று. அது நாமே செய்யும் செயல். செய்தபின் ஏதோ ஒன்று நடக்கிறது, நடந்ததைப் பொறுத்து அடுத்த முறை செய்கிறோம், அல்லது செய்யாமல் விடுகிறோம்.

எட்வர்டு தார்ன்டைக் 1898இல் பூனைகளைக் கொண்டு இதை ஆராய்ந்தார். கூண்டுக்குள் பூனை, வெளியே உணவு. கயிற்றை இழுத்தாலோ, நெம்புகோலை அழுத்தினாலோ கதவு திறக்கும். முதலில் பூனை பிறாண்டியது, கடித்தது, அங்குமிங்கும் மோதியது. தற்செயலாக ஒரு தடவை கதவு திறந்தது. மறுபடி மறுபடி உள்ளே விட, வீண் அசைவுகள் சிறிது சிறிதாகக் குறைந்து, வெளியேற ஆகும் நேரமும் குறைந்தது. மனநிறைவான விளைவைத் தரும் செயல் மீண்டும் நிகழ வாய்ப்பு கூடும் என்பதை அவர் விளைவு விதி என்றார்.

பி. எஃப். ஸ்கின்னர் இதைத்தான் விரித்தார். எலியோ புறாவோ விரும்பிய நேரத்தில் விரும்பிய தடவை செயலைச் செய்யக்கூடிய பெட்டி ஒன்றை அமைத்து, எந்த விளைவுக்குப் பின் செயல் எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்று எண்ணினார். செயலும் அதன் விளைவும் சேர்ந்து நடத்தையை உருவாக்கும் இந்தக் கற்றலே செயல்படு ஆக்கநிலையுறுத்தம்.

நடத்தையை அதிகரிக்கச் செய்யும் விளைவு வலுவூட்டல். நடத்தையைக் குறைக்கும் விளைவு தண்டனை. இவ்வளவுதான். கொடுத்தவரின் எண்ணம் என்ன, அவர் அன்பாகக் கொடுத்தாரா, கோபமாகக் கொடுத்தாரா என்பதற்கு இங்கே இடமில்லை. நடத்தை ஏறியதா, இறங்கியதா என்பது மட்டுமே கேள்வி.

## கூட்டல் குறியும் கழித்தல் குறியும்

இப்போது அந்தச் சிக்கலான சொற்களுக்கு வருவோம். கணக்கில் –5 என்ற எண்ணை யாரும் கெட்ட எண் என்று சொல்வதில்லை. கழித்தல் குறி எதையோ எடுத்துவிட்டோம் என்று மட்டும் சொல்கிறது. உளவியலிலும் ‘நேர்மறை’ என்றால் ஒன்று வந்து சேர்ந்தது. ‘எதிர்மறை’ என்றால் ஒன்று போய்விட்டது. வேறு பொருளே இல்லை.

ஆகவே ஒவ்வொரு காட்சியிலும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். நடத்தை கூடியதா, குறைந்ததா? அதன்பின் ஏதாவது சேர்ந்ததா, நீங்கியதா? முதல் கேள்வி வலுவூட்டலா தண்டனையா என்பதை முடிவு செய்கிறது. இரண்டாவது கேள்வி நேர்மறையா எதிர்மறையா என்பதை முடிவு செய்கிறது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். குழம்புகிறவர்கள் எல்லாரும் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறார்கள், அதிலும் ‘சேர்ந்ததா நீங்கியதா’ என்று கேட்காமல் ‘இனிமையா கசப்பா’ என்று கேட்டுவிடுகிறார்கள்.

பாராட்டியதால் மாணவன் அடிக்கடி கை உயர்த்துகிறான் என்றால் நேர்மறை வலுவூட்டல். மாத்திரை போட்டதும் தலைவலி போனதால் அடுத்த முறையும் மாத்திரையைத் தேடினால் எதிர்மறை வலுவூட்டல். சூடான பாத்திரத்தைத் தொட்டுச் சுட்டுக்கொண்டபின் தொடுவதை விட்டால் நேர்மறைத் தண்டனை. தம்பியை அடித்ததால் விளையாட்டு நேரம் பறிபோய், அடிப்பது குறைந்தால் எதிர்மறைத் தண்டனை. மூன்றாவதைப் பாருங்கள், சுட்ட வலிக்கு ‘நேர்மறை’ என்று பெயர்! இது காதுக்கு உறுத்துகிறதா? உறுத்தினால் நல்லது, அந்த உறுத்தல்தான் தேர்வு அறையில் உங்களைத் தடுத்து நிறுத்தி யோசிக்க வைக்கும்.

ஸ்கின்னரே 1938இல் ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்பதை இன்று தண்டனை என்று சொல்லும் பொருளில்தான் எழுதினார். 1950களில்தான் இப்போதைய பொருளுக்கு மாறினார். ஆகவே இந்தச் சொல்லில் தடுமாறுவது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று.

## சீட் பெல்ட்டுக்குத் திரும்புவோம்

எந்த நடத்தையைப் பற்றிய வினா? பெல்ட் மாட்டுவது. அது கூடியதா, குறைந்ததா? கூடியது. எனவே வலுவூட்டல், தண்டனை அங்கேயே விலகிவிட்டது. மாட்டியபின் ஏதாவது வந்ததா, போனதா? ஒலி போனது. எனவே எதிர்மறை வலுவூட்டல்.

மாணவி ஒரு நல்ல கேள்வி கேட்டாள். “அந்த ஒலி எரிச்சலாத்தானே இருக்கு? அது எப்படித் தண்டனை இல்லாம போகும்?” அவள் பார்த்துக்கொண்டிருந்தது பெல்ட் மாட்டுவதற்கு *முன்* நடந்ததை. வலுவூட்டலும் தண்டனையும் செயலுக்கு *பின்* வருபவை. ஒலி எரிச்சலானது என்பது உண்மை, எரிச்சலாக இருப்பதால்தான் அது போவது ஆறுதலாக இருக்கிறது. எதிர்மறை வலுவூட்டல் நிகழும் இடத்தில் எப்போதும் தொல்லை ஒன்று முன்னால் நின்றுகொண்டிருக்கும். அந்தத் தொல்லையைப் பார்த்ததும் மனம் ‘தண்டனை’ என்று சொல்லிவிடுகிறது.

இன்னொரு நுட்பமும் இந்த வினாவில் இருக்கிறது. ஒலி வந்தபின் மாட்டினால் அது தப்பித்தல். ஒலி வரும் முன்பே மாட்டினால் அது தவிர்த்தல். ஓட்டுநர் முதலில் தப்பித்தார், பிறகு தவிர்க்கப் பழகினார். இரண்டையும் நிலைநிறுத்துவது எதிர்மறை வலுவூட்டலே.

## ஒரே காட்சியில் இருவர்

இதை ஒரு வீட்டுக் காட்சியில் வைத்துப் பாருங்கள். மூன்று வயதுக் குழந்தை அம்மாவின் கைப்பேசியைக் கேட்கிறது. அம்மா முக்கியமான அழைப்பில் இருக்கிறார், தலையை அசைத்து மறுக்கிறார். குழந்தை தரையில் புரண்டு அழுகிறது. குரல் ஏற ஏற அம்மாவின் முகம் இறுகுகிறது. அழைப்பை அவசரமாக முடித்துவிட்டுக் கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறார். அழுகை சட்டென்று நிற்கிறது. அம்மா பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்கிறார்.

குழந்தைக்கு என்ன நடந்தது? அழுதது, கைப்பேசி கிடைத்தது. அடுத்த முறையும் அழும். அழுகைக்கு நேர்மறை வலுவூட்டல். அம்மாவுக்கு என்ன நடந்தது? கொடுத்தார், அழுகை எனும் தொல்லை போனது. அடுத்த முறையும் கொடுப்பார், ஒருவேளை இன்னும் சீக்கிரமாகக் கொடுப்பார். கொடுப்பதற்கு எதிர்மறை வலுவூட்டல். அம்மா குழந்தையைப் பழக்குகிறார் என்றுதான் நாம் நினைக்கிறோம். அதே நேரத்தில் குழந்தையும் அம்மாவைப் பழக்குகிறது, இருவருக்குமே அது தெரியாது.

இப்படி இருவர் இருக்கும் காட்சியைத் தேர்வில் கொடுத்தால், வினாவில் யாருடைய, எந்த நடத்தை கேட்கப்படுகிறது என்பதன் கீழ் ஒரு கோடு போடுங்கள். கோடு போடாமல் விடை தேடினால் ‘நேர்மறை’, ‘எதிர்மறை’ இரண்டுமே சரியாகத் தெரியும்.

சுருக்கமாக: முதலில் நடத்தையைப் பிடி, அது யாருடையது என்று பார், ஏறியதா இறங்கியதா என்று கேள், கடைசியில்தான் வந்ததா போனதா என்று கேள்.

## தண்டனையைப் பற்றி இரண்டு விஷயங்கள்

வகுப்பில் பேசும் மாணவனை ஆசிரியர் எல்லார் முன்னும் அதட்டுகிறார். மறுநாள் அவன் இன்னும் அதிகமாகப் பேசுகிறான். ஆசிரியர் செய்தது தண்டனையா? ஊர் வழக்கில் ஆம். உளவியலில் அது வலுவூட்டல், ஏனென்றால் நடத்தை கூடிவிட்டது. யாரும் கவனிக்காத பிள்ளைக்கு அதட்டலும் ஒரு கவனிப்புதான்.

இரண்டாவது, தண்டனையின் ஆற்றலைப் பற்றியது. 1938இல் ஸ்கின்னர் பதிவுசெய்த ஒரு சோதனையில், நெம்புகோலை அழுத்தப் பழகிய எலிகளுக்கு உணவு நிறுத்தப்பட்டது. சில எலிகளுக்கு மட்டும் தொடக்கத்தில் அழுத்தும்போது பாதத்தில் அடியாக ஒரு தட்டு விழும்படி செய்தார். தட்டு விழுந்தவரை அவை குறைவாகவே அழுத்தின. தட்டு நின்றதும் மறுபடி அழுத்தத் தொடங்கி, கடைசியில் தண்டனை பெறாத எலிகள் அழுத்திய அளவையே எட்டிவிட்டன. செயல் அடங்கிக் கிடந்தது, அழியவில்லை. பிற்கால ஆய்வுகள் இதைவிடச் சிக்கலான சித்திரத்தைத் தருகின்றன, ஆனால் தண்டனை வேறு எந்த நல்ல செயலையும் கற்றுத்தருவதில்லை என்பதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தைக் கடக்க எனக்கு மனமில்லை.

மறைதல் என்பதையும் எதிர்மறைத் தண்டனையோடு குழப்பிக்கொள்கிறார்கள். வழக்கமாக வந்துகொண்டிருந்த வலுவூட்டல் வராமல் போவதால் நடத்தை தேய்வது மறைதல். கையில் இருந்த வேறொன்று பறிபோவதால் தேய்ந்தால் எதிர்மறைத் தண்டனை. அழுத குழந்தைக்குக் கைப்பேசி கொடுக்காமல் விட்டால் மறைதல். அழுததற்காக மாலை விளையாட்டை ரத்து செய்தால் எதிர்மறைத் தண்டனை. மறைதல் தொடங்கும்போது அழுகை முதலில் கூடும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள், பெற்றோர் பலர் விட்டுக்கொடுப்பது அந்த இடத்தில்தான்.

## எப்போதாவது கிடைப்பது

ஒவ்வொரு முறையும் வலுவூட்டல் தர வேண்டுமா? ஒரு சனிக்கிழமை பிற்பகலில், கைவசம் இருந்த உணவு உருண்டைகள் திங்கட்கிழமைவரை போதாது என்று கணக்குப் பார்த்த ஸ்கின்னர், ஒவ்வொரு அழுத்தலுக்கும் கொடுக்காமல் நிமிடத்துக்கு ஓர் உருண்டை மட்டும் கிடைக்கும்படி செய்தார். எலிகள் நிறுத்தாமல் சீராக அழுத்திக்கொண்டே இருந்தன. இந்த வழியில் அவர் செய்த ஆய்வுகளிலிருந்து வலுவூட்டல் அட்டவணைகள் என்ற பகுதி வளர்ந்தது. எத்தனை செயலுக்கு ஒரு முறை, எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை, அது நிலையானதா மாறக்கூடியதா என்று நான்கு வகை. எத்தனையாவது முயற்சியில் கிடைக்கும் என்று தெரியாத வகைதான் மிக வேகமாகவும் விடாமலும் செயலைத் தூண்டுவது. சூதாட்ட இயந்திரம் அதற்குப் பாடநூல் எடுத்துக்காட்டு. தொடக்க நிலைக்கு இது போதும்.

## உங்கள் மேசையில் நடப்பது

கடினமான பாடத்தைத் திறக்கிறீர்கள். இரண்டாம் பக்கத்தில் நெஞ்சு கனக்கிறது, ‘இது நமக்கு வராது’ என்று ஓர் எண்ணம். புத்தகத்தை மூடுகிறீர்கள். உடனே ஒரு நிம்மதி. எந்த நடத்தை? மூடுவது. அடுத்த நாள் கூடுமா, குறையுமா? கூடும். எது போனது? பதற்றம். எதிர்மறை வலுவூட்டல், உங்கள் மேசையிலேயே.

இதைச் சோம்பல் என்று வைதுகொள்ளும் மாணவர்களைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். பதற்றம் தாங்காமல் மூடும் கை பெல்ட் மாட்டும் கையைப் போன்றதே. பதற்றம் ஏறாத அளவுக்குப் பாடத்தைச் சிறிதாக்குங்கள், ஒரு பக்கம், ஒரே ஒரு கருத்து. முடித்ததும் மூடுங்கள். அப்போது மூடும் நிம்மதி படித்து முடித்ததற்குப் பின்னால் வரும்.

இந்தப் பாடத்தை வரையறையாக மனப்பாடம் செய்வதைவிட, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வலுவூட்டல், தண்டனை இவற்றின் நான்கு வகைக்கும் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒவ்வொரு காட்சி எழுதுவது பல மடங்கு பயன் தரும். படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்து எழுதுவதே நீண்ட நாள் நிற்கிறது என்பது ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு உட்படப் பல ஆய்வுகளில் தெரிந்தது.

அந்த மாணவி இப்படி எழுதிக்கொண்டு வந்த காட்சிகளில் ஒன்று: “அறையைச் சுத்தமா வெச்சா ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டாம்னு அக்கா சொன்னா. இப்ப தினமும் அறையை ஒழுங்குபடுத்துறேன்.” கீழே ‘நேர்மறை வலுவூட்டல்’ என்று எழுதி, அதை அடித்துவிட்டு, ‘நடத்தை கூடியது, பாத்திரம் கழுவும் வேலை போனது’ என்று எழுதி, அதன்கீழ் ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்று அடிக்கோடிட்டிருந்தாள்.